அரண்மனைக்காரத் தெருவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பாரிமுனையில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் நிழலில் உட்கார இடம் தேடியபோதுதான் அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் முதன்முதலாகப் போனேன். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அவற்றில் இருந்த எழுத்து எந்த மொழி என்றே தெரியவில்லை. யார் இவர்கள் என்று தேட ஆரம்பித்து, உஸ்மானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் இனப்படுகொலை செய்யப்பட்ட 1915-ல் வந்து நின்றேன். ஆறு மாதமாக இதே வாசிப்புதான்.

வெர்ஃபெலின் 'மூசா தாகின் நாற்பது நாட்கள்' நாவலை இரண்டு வாரத்தில் முடித்தேன். ஆர்மீனியக் கவிஞர் சியமாந்தோவின் 'நடனம்' கவிதை என்னைத் தூங்கவிடவில்லை. 1915-ஐ இதைவிட வலுவாக யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு கொல்லப்பட்ட வரூஷானின் 'ரொட்டியின் பாடல்' கவிதைகள் சில ஆங்கிலத்தில் கிடைத்தன, படித்து ஏமாந்துபோனேன். ஓர் இனமே அழியப்போகிறது, இவர் ஏரையும் எருதையும் களத்தையும் பாடிக்கொண்டிருக்கிறார். ஸபெல் யெசாயானின் 'சிலிஹ்தார் தோட்டங்கள்' நூலும் அப்படித்தான். எங்கேயும் ஒரு சம்பவம்கூட இல்லை. இவற்றையெல்லாம் இனப்படுகொலை இலக்கியத்தில் எப்படிச் சேர்க்கிறார்கள்?

ஆர்மீனியர் அல்லாத வெர்ஃபெல் அவர்களுடைய பேரழிவை எழுதியது சரியா? ஆர்மீனிய மொழியிலேயே அப்படி ஒரு பெருநாவல் ஏன் வரவில்லை? இந்த வாசிப்பை எந்த வரிசையில் தொடரலாம்? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

ம., சென்னை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தேவாலயத்துக்குள் போகிற பலர் நான்கு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு கல்லில் புரியாத எழுத்தைப் பார்த்து, யார் இவர்கள் என்று கேட்டு, ஆறு மாதம் அந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறீர்கள். 'ஆர்மீனியன்' என்ற சொல் நம் வாயில் உருண்டு 'அரண்மனைக்காரன்' ஆகி, அப்படியே தெருப்பெயராகத் தங்கிவிட்டது. இன்று அந்தத் தெருவில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மக்களின் பெயர் என்று தெரியும்? உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தாரார்' 1794-ல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியான் அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அடுத்த முறை அவர் கல்லறையைத் தேடிப் பாருங்கள். தங்கள் மொழியில் ஓர் இதழ் வேண்டும் என்ற ஆசையை அந்த மக்கள் முதலில் தீர்த்துக்கொண்டது நம் ஊரில். அதனால் இந்த வாசிப்பை எங்கோ தூரத்து விஷயமாக என்னால் நினைக்க முடிவதில்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பிழை. 'நடனம்' 1915-ஐப் பற்றிய கவிதை இல்லை. 1909 ஏப்ரலில் அதானாவிலும் அதைச் சுற்றியும் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள், 20,000 பேர் வரை, சிலர் கணக்கில் அதற்கும் மேல். அங்கிருந்த மருத்துவ நண்பர் ஒருவர் எழுதிய கடிதங்களை வைத்து சியமாந்தோ அந்தத் தொகுப்பை அதே ஆண்டு எழுதினார். தொகுப்பின் பெயரே 'நண்பனிடமிருந்து வந்த இரத்தச் செய்திகள்'. 1915-ஐ எழுத அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டான்டினோப்பிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், 200-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாதிரியார்களைக் கைது செய்தார்களே, அதில் அவரும் ஒருவர். சில மாதங்களுக்குள் கொன்றுவிட்டார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஆர்மீனிய மொழியில் பெருநாவல் ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கான பதில் இந்தப் பிழைக்குள்தான் கிடக்கிறது. அந்தப் பெருநாவலை எழுதியிருக்கக்கூடியவர்களைத்தானே முதலில் கூட்டிக்கொண்டு போனார்கள்? சிறுகதைக்காரர் க்ரிகோர் ஸோராப் உஸ்மானியப் பாராளுமன்றத்தின் உறுப்பினர், அவரை உர்ஃபாவுக்குப் பக்கத்தில் சாலையில் வைத்துக் கொன்றார்கள். வரூஷானும் மருத்துவரும் கவிஞருமான ரூபென் செவாக்கும் ஆகஸ்ட் 26 அன்று சான்கிரி பக்கத்தில் கொல்லப்பட்டார்கள். நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த கோமிதாஸ் விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தார், ஆனால் மனம் திரும்பி வரவில்லை. 1935-ல் பாரிஸ் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் இறக்கும்வரை அவர் இசைக்கே திரும்பவில்லை. ஒரு மொழியில் எழுதத் தெரிந்தவர்களை ஒரே கோடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டு, அந்த மொழியில் நாவல் ஏன் இல்லை என்று கேட்பது நியாயமா? நீங்கள் கொடூரமாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டீர்கள். ஆனாலும் படித்தபோது சுருக்கென்றது.

ஒருவர் முயன்றார். ஹாகோப் ஓஷகான். வரூஷானின் நண்பர், 1914-ல் இருவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 'மெஹ்யான்' என்ற இதழை நடத்தினார்கள். போலீஸ் பிடிக்குள் வராமல் கான்ஸ்டான்டினோப்பிளிலேயே ஒளிந்து திரிந்து தப்பியவர் அவர். 1930-களில் 'மிஞ்சியவர்கள்' என்ற பெரிய நாவலை எழுதினார். மூன்று பகுதிகளாகத் திட்டம். மூன்றாவது பகுதிக்கு 'நரகம்' என்று பெயர் வைத்திருந்தார். நாடு கடத்தலும் பாலைவனமும் அதில்தான் வரவேண்டும். அந்தப் பகுதி எழுதப்படவே இல்லை. 1948-ல் அலெப்போவில் இறந்தார், டெய்ர் எஸ்-ஸோருக்குப் போய்வரத் திட்டமிட்டிருந்த பயணத்துக்குச் சற்று முன்னால். அந்தப் பாலைவனத்தில்தான் ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய்ச் சாகவிட்டார்கள். ஓஷகான் போன்ற ஒருவருக்கே பேனா அந்த வாசலில் நின்றுவிட்டது என்றால், அதைச் சோம்பலென்றோ திறமைக் குறைவென்றோ சொல்லலாமா? எழுதப்படாத அந்தப் பகுதியையும் நான் அந்த இலக்கியத்தில் ஒரு நூலாகத்தான் எண்ணிக்கொள்கிறேன்.

வெர்ஃபெல் பற்றிய கேள்வியில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. பிராகில் பிறந்த யூதர் அவர். டமாஸ்கஸில் ஒரு கம்பளத் தொழிற்சாலையில் எலும்பும் தோலுமாக வேலை செய்த ஆர்மீனிய அனாதைப் பிள்ளைகளைப் பார்த்தார், தாங்க முடியவில்லை, எழுதினார். 1933-ல் புத்தகம் வந்தது. சில ஆண்டுகளில் போலந்தின் கெட்டோக்களில் அடைபட்ட யூதர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். யார் எழுதலாம் என்ற கேள்விக்கு அந்த வாசகர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். பட்டியலும் தரமாட்டேன். கல்லறைக் கல்லிலிருந்து நீங்களே வழி கண்டுபிடித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மிச்சத்துக்கும் வழி தெரியும்.

சரி. என்னை உட்கார வைத்த வரி எது தெரியுமா? 'எங்கேயும் ஒரு சம்பவம்கூட இல்லை.'

தம்பி, சியமாந்தோவின் அந்தக் கவிதையை இன்னொரு முறை எடுங்கள். அதில் பார்ப்பவள் ஒரு ஜெர்மானியப் பெண். இளம்பெண்களை ஆடச் சொல்லி அடித்து, எரிப்பதை அவள் சன்னலிலிருந்து பார்க்கிறாள். கடைசியில் அவள் என்ன கேட்கிறாள்? இந்தக் கண்களை எப்படித் தோண்டி எறிவேன் என்று கேட்கிறாள். பார்த்தவள் கண்ணே வேண்டாம் என்கிறாள். நூறாண்டு கழித்து, பாரிமுனையில் நிழலில் உட்கார்ந்துகொண்டு, நாம் இன்னும் கொஞ்சம் காட்டு என்று கேட்கிறோம். இது உங்கள் ஒருவர் மேல் சொல்லும் குற்றம் இல்லை. பேரழிவு என்றாலே உடல்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. எத்தனை பேர், எப்படி, எந்த ஆயுதத்தால். இந்தப் பழக்கத்தை எதிர்த்து நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று பல நாளாக மனத்தில் இருந்தது. உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

நீங்கள் உடனே கேட்பீர்கள்: துருக்கி அரசு இன்றும் அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்ளவில்லையே, காட்சிகளைச் சொல்லாவிட்டால் மறுப்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது? அதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவின் நூல் இருக்கிறது. ஜெர்மானிய ராணுவத்தோடு போன ஆர்மின் வெக்னர் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. போர் முடிந்ததும் இஸ்தான்புல்லிலேயே நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணை இருக்கிறது, 1915-ல் உள்துறை அமைச்சராக இருந்த தலாத் பாஷாவுக்கு அவர் இல்லாத நிலையிலேயே மரண தண்டனை விதித்தது. செத்தவர்கள் 6 லட்சமா, 10 லட்சமா, 15 லட்சமா என்பதை வரலாற்றாளர்கள் ஆவணங்களை வைத்துப் பேசட்டும். ஆனால் உயிர் தப்பிய ஒரு கிழவி, தன் வீட்டைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போதெல்லாம், முதலில் கொலையை நிரூபி என்று அவளைக் கூண்டில் ஏற்றுவது இரண்டாவது கொடுமை. கவிஞனையும் அந்தக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இப்போது வரூஷான். ஏரையும் எருதையும் பாடினார் என்று ஏதோ குறை போல எழுதியிருக்கிறீர்கள். உழவுக்கென்று ஓர் அதிகாரமே உள்ள குறளைப் படித்து வளர்ந்தவர் நீங்கள். ஏரை ஒரு சின்ன விஷயமாக நினைக்க உங்களால் எப்படி முடிந்தது?

வரூஷானுக்கு இரத்தத்தை எழுதத் தெரியாமல் இல்லை. 1884-ல் சிவாஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1896-ல் சுல்தான் ஹமீதின் காலத்துப் படுகொலைகள் நடந்தபோது கான்ஸ்டான்டினோப்பிளுக்குப் போன சிறுவன், அங்கே சிறையில்தான் தன் அப்பாவைப் பார்த்தான். வெனிஸிலும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்திலும் படித்தார். இருபது வயதுகளில் அவர் எழுதிய தொகுப்புகளில் படுகொலை இருக்கிறது, அதானாவின் சாம்பல் இருக்கிறது, நீங்கள் தேடும் 'சம்பவம்' எல்லாம் இருக்கிறது. அதையெல்லாம் எழுதி முடித்த கை அது. அந்தக் கைதான் கடைசியில் கோதுமைக்குப் போயிற்று. உழவு, விதைப்பு, அறுவடை, களம், மாவு ஆலை என்று ஒரு பிடி தானியம் ரொட்டியாகும் வழியை அவர் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். புத்தகம் முடியவில்லை. கைது செய்தபோது அந்தக் கையெழுத்துப் படியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து அதை மீட்டார்கள். 1921-ல் அச்சானது. எழுதியவர் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு சமூகம், எல்லாம் போன பிறகு, கையில் காசில்லாத நேரத்தில், லஞ்சம் கொடுத்து மீட்டது கோதுமையைப் பற்றிய ஒரு கவிதைக் கட்டை. ஏன் என்று யோசித்தீர்களா?

அதில் 'அந்தஸ்தான்' என்று ஒரு கவிதை இருக்கிறது. அந்தஸ்தான் என்பது அவர்களுடைய திருச்சபையில் உலகின் நான்கு திசைகளையும் வயல்களையும் ஆசீர்வதிக்கும் சடங்கு. கவிதை கிழக்கிலிருந்து தொடங்குகிறது. அங்கே அமைதி இருக்கட்டும், உழவுசாலில் இரத்தம் வேண்டாம், வியர்வை ஓடட்டும் என்கிறது. ஒரே ஒரு வேண்டுதல். அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தெரிந்த படுகொலைகள் எல்லாம் இருக்கின்றன. உங்களுக்கு அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் நீங்கள் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

1916-ல் யூப்ரடீஸ் கரையோர முகாம்களுக்கு, அலெப்போவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் சார்பில் உதவிப் பணம் கொண்டுபோன ஒருவர் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். மெஸ்கெனே என்ற இடத்தில் பெண்கள் குதிரைச் சாணத்தைக் கிளறி, செரிக்காமல் விழுந்த பார்லி மணிகளைப் பொறுக்கித் தின்பதை அவர் பார்த்தார். அவர்களில் மிகப் பலர் உழவர் வீட்டுப் பெண்கள். பல ஊர்களில் பயிர் வயலில் நிற்கும்போதே கிளப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையை மட்டும் படித்தால் ஐயோ என்பீர்கள், அடுத்த பக்கத்துக்குப் போவீர்கள். 'ரொட்டியின் பாடல்' படித்துவிட்டு அதைப் படியுங்கள். களத்தில் குவிந்த தானியத்தை, மாவில் வெளுத்த கையை, தோனிர் அடுப்பிலிருந்து வரும் வாசனையைத் தெரிந்துகொண்டு அதைப் படியுங்கள். சாணத்தில் குனிகிற அந்தப் பெண்ணின் வீட்டில் போன வருடம் என்ன இருந்தது என்று அப்போது தெரியும். அந்த அறிக்கை அவளுடைய பசியைச் சொல்கிறது. அவள் யார் என்பது கவிதையில் இருக்கிறது. வரூஷான் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார். 31 வயதில் செத்த ஒரு மனிதர்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஹாகோப் மின்ட்சூரியைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எர்ஸிஞ்சான் பகுதியில் ஆர்ம்தான் என்ற கிராமத்துக்காரர், பள்ளி ஆசிரியர். குடும்பத்து ஆண்கள் இஸ்தான்புல்லில் ரொட்டிக்கடையில் பிழைத்தவர்கள். 1914-ல் தொண்டைச் சதை அறுவை சிகிச்சைக்காக இவரும் இஸ்தான்புல் போனார். சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. போர் வந்துவிட்டது. ராணுவத்தில் ரொட்டி சுடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஊரில் மனைவி, நான்கு பிள்ளைகள், அம்மா, தாத்தா எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. 1978 வரை அந்த நகரத்திலேயே வாழ்ந்தார். 64 வருடம். அவர் எழுதியதெல்லாம் ஊர்தான். எந்த நீரூற்று எங்கே, எந்த மாட்டுக்கு என்ன பெயர், மாவு அரைக்க எந்த வழியாகப் போவார்கள், பனிக்காலத்தில் யார் வீட்டில் கூடுவார்கள். தன் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பெயர்களும் வயதுகளுமாகச் சில வரிகள். அவ்வளவுதான். துருக்கியில் இருந்துகொண்டு வெளிப்படையாக எழுதியிருக்க முடியாது என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் அவரை ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கதையிலும் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். போகிற வழியில் கொலைகாரர்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

யெசாயானையும் இப்படிப் பாருங்கள். ஏப்ரல் 24 பட்டியலில் இருந்த ஒரே பெண். ஒளிந்து, பல்கேரியாவுக்குத் தப்பினார். அதானா படுகொலைக்குப் பிறகு நேரில் போய்ப் பார்த்து 1911-ல் 'இடிபாடுகளுக்கு நடுவே' எழுதியவர். 1915-க்குப் பிறகு காகசஸில் இருந்துகொண்டு, தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை எழுதி எடுத்தார், அதற்காகத் தன் சொந்த எழுத்தை ஒதுக்கி வைத்தார். கண்டதும் கேட்டதும் போதாத குறை அவருக்கு இருந்ததே இல்லை. அப்படிப்பட்டவர் 1935-ல் சோவியத் ஆர்மீனியாவின் எரிவானில் உட்கார்ந்து சிறுவயதுத் தோட்டங்களை எழுதினார். இரண்டு வருடத்தில் ஸ்டாலினின் போலீஸ் கைது செய்தது. எங்கே, எப்படி இறந்தார் என்பது இன்றும் உறுதியாகவில்லை. அந்தத் தோட்டத்தில் சம்பவம் இல்லை என்று உங்களுக்குக் குறை!

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா 1942-ல் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கிளம்பிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். மணிப்பூர் வழியாக வந்தார்கள். அது போரிலிருந்து ஓடிய ஓட்டம், ஆர்மீனியர்களுக்கு நடந்தது அரசே திட்டமிட்டு நடத்திய கொலை. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். அப்பத்தா அந்த நடையைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரங்கூன் வீட்டைப் பற்றி மட்டும் பேசுவார். மரப்படி எத்தனை, மழைக்காலத்தில் எந்தப் படி வழுக்கும், எதிர்வீட்டு பர்மாக்காரி தலையில் என்ன பூ வைப்பாள். வருடத்தில் ஒரு நாள், பங்குனியில், பண்டிகை ஏதும் இல்லாத நாளாகப் பார்த்து, கவுனி அரிசியை முதல் நாளே ஊறப்போட்டு, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறுவார். தெருவில் விளையாடும் ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டுப் பலகை போட்டு உட்கார வைத்து, அது சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தோம். அப்பத்தா போன பிறகுதான் அவருடைய தங்கை சொன்னார், அந்த நடையில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாந்திபேதியில் செத்தது என்று. குழி தோண்டக்கூட நிற்க முடியவில்லை. அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தது அன்றைக்குத்தான் அப்பாவுக்கே தெரிந்தது.

எனக்கு அப்போது 28 வயது. எழுத ஆரம்பித்திருந்தேன். இதைக் கதையாக எழுதினேன். காடு, மழை, அட்டைகள், வழியெல்லாம் பிணங்கள், காலரா என்று படித்துத் தெரிந்துகொண்ட அத்தனையையும் அதில் போட்டேன். அச்சிலும் வந்தது, நாலு பேர் உலுக்கிவிட்டது என்று எழுதினார்கள். அப்பா படித்துவிட்டு இதழை மடித்து வைத்தார். 'எல்லாம் இருக்கு. அம்மாதான் இல்லை' என்றார்.

அந்தக் கதையை இதுவரை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. கவுனி அரிசி அதில் ஒரு வரியாகக்கூட வரவில்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன்.

அதைக் கவனிக்க வைத்ததும் ஓர் ஆர்மீனியப் பாட்டிதான். துருக்கியில் ஃபெத்தியே செத்தின் என்ற வழக்கறிஞர் 2004-ல் தன் அம்மாவைப் பெற்ற பாட்டியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஊருக்கெல்லாம் செஹெர் என்ற முஸ்லிம் மூதாட்டி. வயதான பிறகு ஒரு நாள் பேத்தியிடம் சொல்கிறாள், என் பெயர் ஹெராநுஷ், நடைக்கூட்டத்திலிருந்து என்னை ஒரு போலீஸ்காரன் பிடுங்கிக்கொண்டு போனான், என் அம்மாவும் அப்பாவும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள் என்று. பின்னால் பேத்திக்கு இன்னொன்று புரிகிறது. சிறுவயதில் பாட்டியோடு சில வீடுகளுக்குப் போகும்போது, வருடத்தில் குறிப்பிட்ட சமயத்தில் மட்டும் சொரெக் என்ற பின்னல் ரொட்டி கிடைக்கும். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் பாட்டியைப் போன்றவர்கள். பெயர் போய், மதம் போய், மொழி போய், யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், ஈஸ்டர் வந்ததும் ரொட்டி சுட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

உங்கள் வாக்கியத்தைப் படித்தபோது 28 வயதில் நானே எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் என்று தோன்றியது. கோபம் அதனால்தான் வந்தது. மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தாலியில் அந்தோனியா அர்ஸ்லான் என்ற பேராசிரியை இருக்கிறார், ஆர்மீனிய வம்சம். 'ரொட்டியின் பாடல்' கவிதைகளை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அந்தக் கோதுமை அவரைத் தன் தாத்தாவின் குடும்பத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பின்னால், 2004-ல், அழிந்துபோன அந்தக் குடும்பத்தைப் பற்றி 'வானம்பாடிப் பண்ணை' நாவலை எழுதினார். ஒரு சம்பவமும் இல்லை என்று நீங்கள் தள்ளிவைத்த அந்தப் புத்தகம் ஒருவருக்கு இதைச் செய்திருக்கிறது.

'அந்தஸ்தான்' மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஷ்மவோனியானின் கல்லறையைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கிலத்திலேயே படியுங்கள், பரவாயில்லை. நேரம் இருந்தால் நீங்களே தமிழில் நாலு வரி போட்டுப் பார்த்து எனக்கு அனுப்புங்கள். உழவுசால் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அதற்கு வேறு சொல் சரிவராது. சாயங்காலம் கதவைச் சாத்திவிடுவார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா